காந்தப் பொருள்களை எதைக் கொண்டு வகைப்படுத்துவது?

மேல்நிலைப் பாடநூல்கள் பொருள்களை டயா, பாரா, ஃபெர்ரோ என மூன்றாகப் பிரிக்கின்றன. அளவுகோல் காந்த ஏற்புத்திறன்: எதிர்க்குறியுடன் சிறிதானால் டயா, நேர்க்குறியுடன் சிறிதானால் பாரா, மிகப் பெரிதானால் ஃபெர்ரோ. 1845இல் காந்தம் விலக்கித் தள்ளும் பொருள்களை மைக்கேல் ஃபாரடே ஆராய்ந்தபோது வேறு அளவுகோலுக்கு வழியில்லை. அணுவின் உள்ளமைப்பு அன்று தெரியாது. இன்று தெரியும். அணுக்களின் காந்தத் திருப்புத்திறன்கள் தமக்குள் எவ்வாறு அணிவகுத்துள்ளன என்பதே வகைப்பாட்டுக்கு அடிப்படையாக வேண்டும் என்பது என் வாதம்.

மனிதன் முதலில் அறிந்த காந்தமான மாக்னடைட்டே இதற்குச் சான்று. அதன் வாய்பாட்டில் மூன்று இரும்பு அயனிகளும் நான்கு ஆக்சிஜனும் உள்ளன. மும்மின்னூட்ட அயனிகள் இரண்டின் திருப்புத்திறன் தலா 5 போர் மாக்னட்டான், இருமின்னூட்ட அயனியினுடையது 4. எல்லாம் ஒரே திசையில் நின்றால் கூட்டுத்தொகை 14 ஆக வேண்டும். அளந்தால் கிடைப்பதோ 4ஐச் சற்றே தாண்டுகிறது. 1948இல் லூயி நேயல் விடை தந்தார்: மும்மின்னூட்ட அயனிகளில் ஒன்று நான்முகி இடத்தில் எதிர்த்திசை நோக்கி நிற்கிறது. ஐந்தும் ஐந்தும் கழிய, எஞ்சுவது நான்கு. எனவே அது ஃபெர்ரோ அல்ல, ஃபெர்ரி. இரும்பைப் போலவே ஈர்க்கப்பட்டு, இரும்பைப் போலவே காந்தத்தைத் தேக்கிவைக்கும் பொருளை ஏற்புத்திறனின் ஒற்றை மதிப்பு எப்படிப் பிரித்துக்காட்டும்?

ஏற்புத்திறன் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. காந்த ஒழுங்கு குலையும் கியூரி வெப்பநிலைக்கு மேல் அதன் தலைகீழ் மதிப்பை வெப்பநிலைக்கு எதிராக வரைந்தால், வெய்ஸ் கோட்பாட்டின்படி ஃபெர்ரோவுக்கு நேர்கோடு, ஃபெர்ரிக்கு வளைகோடு. ஆகவே கவனிக்க வேண்டியது மதிப்பையன்று, அது மாறும் விதத்தை. மாங்கனீசு ஆக்சைடு அறை வெப்பநிலையில் பாரா. ஏறத்தாழ 118 கெல்வினுக்குக் கீழே எதிர்ஃபெர்ரோ, அதாவது சமமான திருப்புத்திறன்கள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று கழித்துவிடும் நிலை. எதிரெதிரான அவ்வடுக்கை 1949இல் ஷல், ஸ்மார்ட் இருவரும் நியூட்ரான் விளிம்பு விளைவால் நேரடியாகக் காட்டினர். கடோலினியத்தின் கியூரி வெப்பநிலை சுமார் 20 டிகிரி செல்சியஸ். குளிர்பெட்டிக்குள் அது ஃபெர்ரோ, வெயிலில் பாரா. வகைப்பெயர் பொருளுக்கு உரியதன்று, அதன் நிலைக்கு உரியது.

திசையையும் மறக்கலாகாது. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், படிகங்களின் காந்தப் பண்பு திசைக்குத் திசை மாறுவதைத் தாக்காவிலும் கல்கத்தாவிலும் நுட்பமாக அளந்தவர். கிராஃபைட்டின் டயா காந்தம் அடுக்குகளுக்குச் செங்குத்தான திசையில் பல மடங்கு வலிமையானது.

2022இல் ஆல்டர்காந்தம் என்ற புதிய வகை முன்மொழியப்பட்டது. நிகரத் திருப்புத்திறன் எதிர்ஃபெர்ரோவைப் போல் சுழியமே. ஆனால் படிகச் சமச்சீரின் தன்மையால் மேல்சுழற்சி, கீழ்சுழற்சி எலக்ட்ரான்களின் ஆற்றல் பட்டைகள் பிரிகின்றன. பழைய அட்டவணையில் இதற்கு இடமே இல்லை.

தொடக்க மாணவருக்கு மூன்று வகை போதும் என்பார்கள். மூன்று பெயர்களும் இருக்கட்டும். ஆனால் அட்டவணையில் வெப்பநிலைக்கு ஒரு நிரலும் திருப்புத்திறன்களின் அணிவகுப்புக்கு ஒரு படமும் சேர்க்குமாறு பாடநூல் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.