வாரத்துக்கு 4 மணி நேரம்

இன்னைக்கு ஒரு திருட்டுக் கதை. ஆனா திருடினது பணத்தை இல்லை, கம்ப்யூட்டர் நேரத்தை.

1960-களின் தொடக்கம், அமெரிக்காவின் எம்.ஐ.டி. ப்ரோகிராம் எழுதினா, துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துட்டு ரிசல்ட்டுக்கு மணிக்கணக்கில் காத்திருக்கணும். ஒரு கமா தப்பினா மறுபடியும் வரிசை. ஃபெர்னாண்டோ கோர்பட்டோ இதை மாற்ற நினைத்தார். 1961 நவம்பரில் அவருடைய குழு சி.டி.எஸ்.எஸ். என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை இயக்கிக் காட்டியது. பிராசஸர் ஒருத்தர் வேலையைக் கொஞ்ச நேரம் செய்யும்; அதை அப்படியே நிறுத்தி வெச்சுட்டு அடுத்தவர் வேலைக்குப் போகும். இந்தச் சுற்று வேகமா நடக்குறதால, மொத்த மெஷினும் தனக்குத்தான்னு ஒவ்வொருத்தருக்கும் தோணும்.

பகிர்ந்துக்கிட்டா அளவும் வேணுமே? ஆராய்ச்சி மாணவர் ஆலன் ஷெர்ருக்குக் கிடைத்தது வாரத்துக்கு 4 மணி நேரம். அது அவருக்குப் போதலை. 1962-ல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பாஸ்வேர்டு ஃபைலை பிரிண்ட் எடுக்கச் சொல்லி ஓர் அட்டையைப் போட்டார். கேள்வியே இல்லாம பிரிண்ட் ஆச்சு. சனிக்கிழமை விடியற்காலையில் எல்லாருடைய பாஸ்வேர்டும் அவர் கையில்! சுமார் 25 வருஷம் கழிச்சுத்தான் கோர்பட்டோவிடம் இதை ஒப்புக்கொண்டார்.

எனக்கு இதில் ஒண்ணு புரிஞ்சது. நேரத்தை அவ்வளவு கவனமா பங்கிட்ட சிஸ்டம், கேட்கிறது யாருன்னு பார்க்காம விட்டுடுச்சு. பங்கு பிரிக்கிறதும் காவல் காக்கிறதும் ஒரே வேலைதான். அடுத்த முறை ஒரு ஆப் கேமராவுக்கு அனுமதி கேட்டா, படிக்காம தட்டிவிடாதீங்க. அன்னைக்குக் கேட்காம விட்ட கேள்வியை ஆபரேட்டிங் சிஸ்டம் இப்போ உங்ககிட்ட கேட்குது: இதை இவங்களுக்குக் கொடுக்கலாமா?