நகரும் நாடா, நகரும் கோடு

திருகோணமலைத் துறைமுகக் கரையில் நிற்பவருக்குக் கப்பல் கடந்து போகிறது. கப்பலின் மேற்றளத்தில் நிற்பவருக்கோ கரைதான் பின்னோக்கிப் போகிறது. ஒலிப்பதிவின் வரலாற்றிலும் இத்தகைய இடமாற்றம் ஒன்று நிகழ்ந்திருக்கிறது.

இன்று ஒலித்தொகுப்பு கணினியில் நடைபெறுகிறது. திரையில் குரல் மேடும் பள்ளமுமாக விரிந்து கிடக்க, மெல்லிய நிமிர்கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஊர்கிறது. கோடு தொட்ட இடம் காதில் ஒலிக்கிறது. அக்கோட்டுக்குப் 'பிளேஹெட்' என்று பெயர். ஓட்டவும் நிறுத்தவும் பின்சுற்றவும் உள்ள பொத்தான் வரிசை 'டிரான்ஸ்போர்ட்'. ஒலிக்கும் போக்குவரத்துக்கும் என்ன உறவு என்று நேயர்கள் கேட்கலாம். சுருளிலிருந்து சுருளுக்கு நாடாவைக் கொண்டுசென்ற பொறிக்கே முதலில் அப்பெயர். ஓடும் நாடாவின் காந்தப் பதிவை, தான் அசையாமல் நின்று வாசித்ததே 'ஹெட்'. அன்று நாடா நகர்ந்தது, தலை நின்றது. இன்று ஒலி நிற்கிறது, தலை நகர்கிறது.

நாடா இயந்திரத்தின் தாயகம் ஜேர்மனி. 1935இல் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் ஏ.ஈ.ஜி. நிறுவனம் 'மக்னெற்றோபோன்' கருவியைக் காட்டியது. போர் முடிந்ததும் ஜாக் மல்லின் என்னும் அமெரிக்கப் படைப் பொறியியலாளர் அவற்றில் இரண்டைத் தம் நாட்டுக்கு அனுப்பினார். 1947இல் பிங் கிராஸ்பியின் வானொலி நிகழ்ச்சி நாடாவில் பதிவாகத் தொடங்கியது. (திருகோணமலைக்கு வடக்கே அஞ்சல் நிலையம் அமைத்ததும் அதே ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலிதான். 2013இல் அந்நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கப்பட்டது.)

விநாடிக்கு 38 சென்ரிமீற்றர் ஓடும் நாடாவில் ஒரு பெருமூச்சுக்கும் நீளம் உண்டு. தொகுப்பாளர் இரு சுருள்களையும் கையால் முன்னும் பின்னும் அசைப்பார். குரல் உறுமும். சொல் தொடங்கும் இடம் காதில் பட்டதும் மஞ்சள் பென்சிலால் குறியிட்டு, சவரக் கத்தியால் சாய்வாக வெட்டி ஒட்டுவார். பிழையாக வெட்டிய துண்டைத் தரையில் தேட வேண்டியதுதான்.

1991இல் 'புரோ டூல்ஸ்' போன்ற மென்பொருள்கள் வந்தபின் அந்தப் பயம் போயிற்று. வெட்டு என்பது வெறும் குறிப்பு; மூலப்பதிவு முழுமையாகவே இருக்கும். சுற்றுவதற்குச் சுருள் இல்லாதபோதும் பின்சுற்றும் பொத்தான் மட்டும் பழைய முக்கோணங்களோடு நிற்கிறது. இலாபமே அதிகம், ஐயமில்லை. ஆனால் காது செய்த வேலையைக் கண் எடுத்துக்கொண்டது. கவிதை வாசிப்பவர் இரு அடிகளுக்கிடையே விட்ட மௌனம் திரையில் வெறும் தட்டைக் கோடாகத் தெரிகிறது. கை தானாகவே அதை நறுக்கப் போகிறது. இலக்கிய நிகழ்ச்சிகளில் மூச்சே விடாத வாசிப்புகள் கேட்கக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

பழைய நாடாக்களோ இந்தக் கோட்டுக்கு எட்டுவதில்லை. 33 நிமிடச் சுருளைக் கணினியில் ஏற்ற, உண்மையான தலையுள்ள இயந்திரத்தில் 33 நிமிடமும் அதை ஓடவிட்டாக வேண்டும். கடற்காற்றின் ஈரத்தில் நாடாவின் பூச்சு இளகும். உரசி உரசித் தலையும் தேயும். அத்தகைய இயந்திரங்களும், அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள்.