வன்னிக்கு வந்தவர்கள், வன்னியை விட்டுப் போனவர்கள்

2006 வரைக்கும் ஓமந்தை தாண்டி வன்னிக்குள் போனால் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்ப வேணும். கதை இல்லை, உண்மை. 1996இல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்னுக்குத் தள்ளியது. புலிகள் அதை ஏற்கவில்லை. பத்து வருசமாக ஒரே ஏ9 வீதியில் இரண்டு நேரம் ஓடியது.

2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு அந்த வீதியால் நிறையப் பேர் வந்தார்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் சிறுவர் இல்லங்களில் இங்கிலிஷ் படிப்பித்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி முல்லைத்தீவுக் கரையை அள்ளிக்கொண்டு போனபின் மருத்துவர்கள் வந்தார்கள், வெள்ளைக்கார அமைப்புகள் வந்தன. வன்னி என்றவுடன் எங்களுக்கு ஷெல்லும் பங்கரும்தான் ஞாபகம் வருகிறது. அவர்களுக்கு அது கிணற்றில் அள்ளிக் குளித்த ஊர். கிறவல் ஒழுங்கையில் சைக்கிள் உருட்டின ஊர். ஆர் வீட்டுக்குப் போனாலும் "இருங்கோ" என்று சொல்லி ஒரு பிளேன்ரீ கொண்டுவந்து வைக்கிற ஊர். சீனி தட்டுப்பாடான வீட்டிலும் வரும், வேண்டாம் என்று சொல்லவும் ஏலாது. இதையெல்லாம் யாரும் வரலாற்றில் சேர்ப்பதில்லை. சேர்க்கவேணும் என்பது என் கட்சி. ஏனென்றால் அந்தப் பிளேன்ரீயைக் குடித்தவர்களிடம்தான் பிறகு சனம் ஒன்றைக் கேட்டது.

2006 ஓகஸ்ட்டில் முகமாலையில் பாதை மூடப்பட்டது. யுத்தம் திரும்ப வந்தது. 2008 செப்டம்பரில், இனி உங்கள் பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை, வெளியேறுங்கள் என்று அரசாங்கம் உதவி அமைப்புகளுக்குச் சொன்னது. கிளிநொச்சியில் ஐ.நா. வளாகத்தின் கேற்றுக்கு முன்னால் சனம் கூடியது. போகாதேங்கோ என்று மன்றாடியது. சாப்பாட்டுக்காக மட்டும் இல்லை. இனி நடக்கப்போவதைப் பார்க்க வெளியாள் ஒருவராவது வேணும் என்பதற்காக.

பெஞ்சமின் டிக்ஸ் என்ற பிரித்தானியர் அப்போது கேற்றுக்கு உள்ளே இருந்தார். ஐ.நா.வில் சம்பளத்துக்கு வேலை செய்தவர், தொண்டர் என்று சொல்ல முடியாது. செப்டம்பர் 16 அன்று வாகனங்கள் வவுனியா நோக்கிப் புறப்பட்டன. உள்ளூர்ப் பணியாளர்களும் அவர்களது குடும்பங்களும் உள்ளேயே நின்றுவிட்டார்கள். புலிகளின் பாஸ் இல்லாமல் வன்னியை விட்டு ஒருவரும் வெளியே வர ஏலாது. பாஸ் கொடுபடவில்லை. எங்கட ஆக்கள் இதைச் சொல்லும்போது கேற்றோடு கதையை நிறுத்திவிடுவார்கள். பாஸையும் சேர்த்துத்தான் சொல்லவேணும். செஞ்சிலுவைச் சங்கம் மட்டும் வன்னியில் தொடர்ந்து வேலை செய்தது. 2009 ஜனவரி 2 கிளிநொச்சி விழுந்தது.

டிக்ஸ் பிறகு லிண்ட்ஸே பொலொக் என்ற ஓவியரோடு சேர்ந்து 'வன்னி' என்ற சித்திர நாவலைச் செய்தார். 2019இல் வந்தது. ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்து, உண்மையில் தப்பி வந்தவர்களின் சாட்சியங்களிலிருந்து எழுதியது. வாசிக்கக் கனமாக இருக்கும், ஆனால் வாசியுங்கள்.

போகாமல் உள்ளே நின்றவர்களில் ஒருவர் தமிழ்வாணி ஞானகுமார். சின்ன வயதில் பிரித்தானியா போனவர், 2008இல் வன்னிக்கு வந்தார். மருத்துவப் பயிற்சி இல்லை. ஆனாலும் கடைசி மாதங்களில் தற்காலிக ஆஸ்பத்திரிகளில் காயக்காரருக்குக் கட்டுப் போட்டார், அங்கிருந்தே வெளி ஊடகங்களுக்குத் தொலைபேசியில் பேசினார். அப்போது வயது 25. மே மாதம் வெளியே வந்தவுடன் வீட்டுக்குப் போகவில்லை. பிரித்தானியக் குடியுரிமை இருந்தும் வவுனியா மெனிக் பாம் முட்கம்பிக்குள் நாலு மாதம் வைத்திருந்தார்கள். 2009 செப்டம்பரில்தான் விட்டார்கள்.

அந்த வேலிக்குள் இருந்த கடைசிக் குடும்பங்கள் வெளியேற 2012 செப்டம்பர் ஆனது. இரண்டு மாதம் கழித்து, நவம்பரில், கிளிநொச்சியை விட்டு வந்தது உட்பட வன்னியில் தான் தவறவிட்டதை ஐ.நா. தன் சொந்த அறிக்கையில் ஒப்புக்கொண்டது. அந்தக் கடைசிக் குடும்பங்கள் முல்லைத்தீவு கேப்பாப்பிலவுக் காரர். அவர்களைத் தங்கள் காணிக்கு விடவில்லை. அங்கே ராணுவ முகாம் இருந்தது. சீனியாமோட்டையில் காட்டை வெட்டின இடத்தில் இறக்கிவிட்டார்கள்.