சோழவரம் வானூர்தித் தளம்

சோழவரம் வானூர்தித் தளம், இரண்டாம் உலகப் போரின்போது சென்னைக்கு வடக்கே, கொல்கத்தா நெடுஞ்சாலைப் பகுதியில் அமைக்கப்பட்ட படைத்துறைத் தளமாகும். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள சோழவரம், சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரியால் பரவலாக அறியப்படுகிறது. போருக்குப் பின் இத்தளத்தின் ஓடுபாதைகள் மோட்டார் பந்தயக் களமாகப் புகழ்பெற்றன.

பின்னணி

1942 பெப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. மார்ச் மாதம் அந்தமான் தீவுகளும் அவர்கள் வசமாயின. ஏப்ரல் 5 அன்று கொழும்பும், 9 அன்று திருகோணமலையும் தாக்கப்பட்டன. இடையில், ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினம், காக்கிநாடா துறைமுகங்கள் மீது குண்டுகள் வீசப்பட்டன. அடுத்த இலக்கு சென்னைதான் என்ற அச்சத்தில் மக்கள் பெருந்திரளாக நகரைவிட்டு வெளியேறினர். அதுவரை வடமேற்கு எல்லையையே பெரிதாகக் கருதிய ஆங்கிலேய அரசு, கிழக்குக் கடற்கரையையும் காக்க வேண்டியதாயிற்று. சோழவரம் மட்டுமின்றி அரக்கோணம், உளுந்தூர்ப்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு ஆகிய இடங்களிலும் போர்க்கால ஓடுபாதைகள் உருவாயின.

போர்க்காலப் பயன்பாடு

1944இல் பிரித்தானிய அரச வான்படையின் 27ஆம், 47ஆம் படைப்பிரிவுகள் இங்கு நிறுத்தப்பட்டன. இவை பியூஃபைட்டர் என்னும் இரட்டை எஞ்சின் வானூர்திகளைக் கொண்டிருந்தன. பகைவர் கப்பல்களைத் தாக்குவதே இவற்றுக்கு அளிக்கப்பட்ட பணி. ஆனால் அப்போது சப்பானியக் கடற்படையின் பெரும் பகுதி பசிபிக்கில் அமெரிக்காவுடன் போரிட்டுக்கொண்டிருந்தது. சென்னைக் கடற்கரையில் எதிர்பார்க்கப்பட்ட படையெடுப்பு நிகழவேயில்லை. இரு படைப்பிரிவுகளும் பின்னர் பர்மா போர்முனைக்கு அனுப்பப்பட்டன.

போருக்குப் பின்

கனரக வானூர்திகளைத் தாங்கும் அகலமான, சமதளமான ஓடுபாதை, வேகமாகக் கார் ஓட்டவும் ஏற்றதாக இருந்தது. 1953இல் தொடங்கப்பட்ட மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இங்கு ஆண்டுதோறும் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்தியது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் முதலிய வீரர்கள் இங்கு போட்டியிட்டனர். எனினும், வானூர்திக்காகப் போடப்பட்ட நேர்ப்பாதையில் பந்தயத்துக்குத் தேவையான வளைவுகள் குறைவு. எனவே இக்கழகம் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் அமைத்தது. 1990இல் அது திறக்கப்பட்டதும் சோழவரத்தின் பந்தயக் காலம் முடிவுக்கு வந்தது.

ஒரே போரில் உருவான தளங்கள் வெவ்வேறு வழியில் சென்றன. அரக்கோணத் தளம் 1992இல் இந்தியக் கடற்படையின் 'ராஜாளி' ஆனது. சில ஆண்டுகளே போருக்கு உதவிய சோழவரமோ, பல பத்தாண்டுகள் நடந்த பந்தயங்களாலேயே நினைவுகூரப்படுகிறது.