அலைவரிசை யாருடையது? மாச்சனூர் பெண்கள் சொன்ன பதில்

தோழர்களே, 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்குப் போனால் தினை, சாமை, கேழ்வரகு பற்றிப் பெரிய பெரிய ஆய்வாளர்கள் எழுதிய அறிக்கைகள் எத்தனையோ கிடைக்கும். அந்த விதைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த மலையாளிப் பழங்குடிப் பெண்களின் சொந்தக் குரல் எங்கே பதிவாகியிருக்கிறது? இந்தக் கேள்வியோடு ஒரு வரலாற்றைப் படிப்போம்.

1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் வான் அலைகளை அரசின் கையில் கொடுத்தது. வெள்ளையர் போனார்கள், சட்டம் போகவில்லை. 1995 பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றம் ஒரு கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில், அலைவரிசை பொதுமக்களின் சொத்து என்று சொன்னது. அந்தத் தீர்ப்பை எழுதியவர்களில் ஒருவர் நீதிபதி பி.பி.சாவந்த்.

தெலங்கானாவில், அன்றைய மேதக் மாவட்டத்தின் ஜஹீராபாத் பகுதியில், தக்காண வளர்ச்சிக் கழகம் 1983 முதல் தலித் பெண்களைச் சங்கங்களாகத் திரட்டி வந்தது. தரிசு நிலத்தைத் திருத்திச் சிறுதானியம் விளைவித்த பெண்கள் அவர்கள். 1998இல் யுனெஸ்கோ உதவியோடு மாச்சனூர் கிராமத்தில் ஒலிப்பதிவுக் கூடம் கட்டினார்கள். கூடம் இருந்தது, ஒலிபரப்ப உரிமம் இல்லை. அதற்காகச் சும்மா இருந்துவிடவில்லை. பத்து ஆண்டுகள் விதை, மருந்து, பாட்டு, கூலி என்று எல்லாவற்றையும் கேசட்டில் பதிந்து, சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள்.

2002இல் அரசு கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கதவைத் திறந்தது. 2004இல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் வானொலி தொடங்கியது. அதாவது, பட்டம் பெற்றவன் பேசலாம், பாடுபடுகிறவள் பேசக்கூடாது! 2006இல்தான் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி வந்தது. 2008 அக்டோபர் 15 அன்று சங்கம் ரேடியோ ஒலித்தது. திறந்து வைத்தவர் அதே நீதிபதி சாவந்த். நடத்தியவர்கள் ஜெனரல் நரசம்மா, அல்கோல் நரசம்மா என்ற இரண்டு தலித் பெண்கள். ஊருக்குள் நின்று பேசவும் இடம் தராத சாதிக்காரர் வீட்டுக்குள்ளும் அவர்கள் குரல் போனது.

கடல் கடந்தும் இதே கதைதான். லண்டனில் கரீபியக் கறுப்பின மக்களின் இசைக்கும் பேச்சுக்கும் அரசு வானொலி இடம் தரவில்லை. 1980களின் தொடக்கத்தில் லெப்கே என்பவரும் நண்பர்களும் உரிமமே இல்லாமல் டிரெட் பிராட்காஸ்டிங் கார்ப்பரேஷன் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பிபிசியைக் கிண்டல் செய்யும் பெயர் அது. கெடுபிடிகளுக்கு நடுவே 1984 வரை ஓடியது. பிறகு பர்மிங்காமில் நியூ ஸ்டைல் ரேடியோ போன்றவை சட்டப்படியே வந்தன. முதலில் மீறினார்கள், சட்டம் பின்னால் வந்தது.

நாம் கொண்டாடிவிட்டுப் போக முடியாது. 2006 கொள்கை சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பத் தடை விதித்தது. ஒலிபரப்புத் திறனுக்கு 100 வாட் என்று வரம்பும் வைத்தது. சேரியில் பிறந்த பெண் கம்பு விதைப்பைப் பற்றிப் பேசலாம். பக்கத்து ஊரில் குடிசை எரிந்தால் அதைச் செய்தியாகச் சொல்லக் கூடாது. செய்தித்தாள் நடத்தும் முதலாளிக்கு இல்லாத இந்தத் தடை நமக்கு மட்டும் ஏன்? அறிவை அனுமதிக்கிறார்கள், சாட்சியத்தைத் தடுக்கிறார்கள்.

கையில் கைபேசி இருக்கிறதே, வானொலி எதற்கு என்று சில மாணவர்கள் கேட்பதுண்டு. கைபேசியில் நாம் போடுவதை யாருக்குக் காட்டுவது என்று எங்கோ ஒரு கம்பெனி முடிவு செய்கிறது. மாச்சனூரில் அதைச் சங்கம் முடிவு செய்தது. வேறுபாடு அங்கேதான்.

எனவே அடுத்த முறை கொல்லிமலைக்கோ, உங்கள் ஊர்ச் சேரிக்கோ ஆய்வுக்குப் போகும்போது, ஒலிப்பதிவுக் கருவியை நீங்களே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அங்குள்ள அக்காவின் கையில் கொடுங்கள். கேள்வியை அவர் கேட்கட்டும்.