மூளைக் காயப் புனர்வாழ்வு (யாழ்ப்பாணக் குடாநாடு)

தலையில் பலத்த அடிபட்டு உயிர்தப்பியவர், இழந்த திறன்களை மீளப் பழகும் நெடுங்காலச் சிகிச்சை. மோட்டார் சைக்கிள் விபத்து, பனை தென்னையிலிருந்து விழுதல், போர்க்கால எறிகணைச் சிதறல் ஆகியவை குடாநாட்டில் இக்காயத்துக்கான காரணங்களில் அடங்கும்.

அவசர சிகிச்சைக்கு யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையே பிரதான இடம். நோயாளியின் உணர்வுநிலை, 1974இல் வகுக்கப்பட்ட கிளாஸ்கோ அளவீட்டால் 3 முதல் 15 வரை கணிக்கப்படும். 8உம் அதற்குக் கீழும் கடுமையான காயம்.

கண்விழித்தால் எல்லாம் சரி என்று வீட்டார் நம்புவது இயல்பு. உண்மையில் குழப்பமான காலம் அப்போதுதான் தொடங்கும். கேட்டதையே திரும்பக் கேட்பார். காலையில் வந்துபோன தமையனை மாலையில் மறப்பார். சேலைன் குழாயைப் பிடுங்குவார். என்றும் பேசாத தூஷணம் பேசுவார். இது கெட்ட குணமுமல்ல, பேய்க்குற்றமுமல்ல, காயத்தின் விளைவு. நாள்களிலோ வாரங்களிலோ பெரும்பாலும் தணியும்.

இயன்மருத்துவர் நடையையும் சமநிலையையும் பயிற்றுவார். தொழில்வழிச் சிகிச்சையாளர் சாரம் உடுத்தல், சோறு பிசைந்துண்ணல் போன்றவற்றைப் பழக்குவார். பேச்சுச் சிகிச்சையாளரின் பணியில் விழுங்குதலும் அடங்கும். முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் வேகமானது. பின்னர் மெதுவாக ஆண்டுக்கணக்கில் தொடரலாம். கொழும்புக்கு அருகே ராகமவில் அரச புனர்வாழ்வு வைத்தியசாலை உண்டு. ஆயினும் வீடு திரும்பியபின் பயிற்சியின் பெரும்பங்கு தாய் அல்லது மனைவியின் தலையிலேயே விழுகிறது. அவர்களுக்கும் ஓய்வு தேவை.

களைப்பு, சினம், மனச்சோர்வு நீடிக்கலாம். வலிப்பு மாதங்கள் கழித்தும் வரக்கூடும் என்பதால் வைத்தியர் அனுமதிக்கும்வரை வாகனம் ஓட்டுதல், மரமேறுதல், தனியே கிணற்றடிக்குச் செல்லுதல், மது ஆகியவை விலக்கப்பட வேண்டும்.