குண்டும் தோட்டாவும்: ஒரு சொல் மயக்கம்

நாட்டுத் துப்பாக்கி பிடிபட்டாலும் கைத்துப்பாக்கி பிடிபட்டாலும் தமிழகச் செய்திகளில் பெரும்பாலும் ‘குண்டுகள் பறிமுதல்’ என்றே வரும். முன்னதற்கு அச்சொல் மிகச் சரி, பின்னதற்குப் பிழை. தமிழில் வேறு சொல் இல்லாததால் நேர்ந்த பிழையன்று இது. குழலின் வாய்வழி மருந்து கெட்டித்த காலத்துச் சொல்லைப் பிற்காலத் துப்பாக்கிக்கும் நாம் நீட்டிவிட்டோம் என்பதே என் வாதம்.

நாட்டுத் துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது. கரிமருந்தைக் குழலுக்குள் கொட்டி, நாரோ துணியோ அடைத்து, ஈய உருண்டைகளையோ பால்ரஸையோ போட்டுக் கம்பியால் இடிப்பார்கள். மருந்து ஒரு பையில், குண்டு ஒரு பையில். குண்டு என்றால் உருண்டை, பாய்வதும் உருண்டைதான். 1840-களின் இறுதியில் பிரான்சின் மினியே கூம்புமுனைக் குண்டைக் கொண்டுவந்தபின் உருண்டை போயிற்று, பெயர் நின்றது. அதில் குறையொன்றுமில்லை. வேட்டைத் துப்பாக்கியின் ‘12 போர்’ (bore) என்ற அளவுகூட ஒரு பவுண்டு ஈயத்தில் அந்தக் குழலுக்கேற்ற உருண்டைகள் பன்னிரண்டு வார்க்கலாம் என்ற பழங்கணக்குதான்.

குறை, தோட்டாவையும் குண்டு என்பதில் இருக்கிறது. தோட்டா ஒரு பொட்டலம்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி கிளப்பும் சிறு கேப், உள்ளே மருந்து, வாயில் குண்டு. பித்தளைக்கு முன் கூடு காகிதமாக இருந்தது. என்ஃபீல்டு துப்பாக்கிக்கான காகிதத் தோட்டாவைச் சிப்பாய் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும்; பசு, பன்றிக் கொழுப்பு பற்றிய 1857-ஆம் ஆண்டுக் கொந்தளிப்பு அந்தக் காகிதத்தின்மேல் எழுந்தது. ‘கொழுப்புத் தடவிய குண்டு’ என்று எழுதினால், குண்டை எவன் ஏன் கடிக்கிறான்?

சூழலே பொருளை உணர்த்திவிடும் என்பார் உண்டு. கொலை வழக்கில் உணர்த்தாது. தானியங்கிப் பிஸ்டல் சுட்டதும் வெறுங்கூட்டை வெளியே எறியும். ரிவால்வர் அதைத் தன் உருளையிலேயே வைத்துக்கொள்ளும். குழலின் வரிப்பள்ளங்கள் குண்டில் பதியும். ஊசி குத்திய தடம் கூட்டின் அடியில், கேப்பின்மேல் இருக்கும். ‘சம்பவ இடத்தில் மூன்று குண்டுகள்’ என்ற வரியைப் படிப்பவர் எதைக் கற்பனை செய்துகொள்வது? சுவரில் புதைந்த ஈயமா, தரையில் உருண்ட பித்தளையா, சுடாமல் விழுந்த முழுத் தோட்டாவா?

ஈழத்தமிழ் இதை நெடுங்காலமாகப் பிரித்தே பேசுகிறது. அங்கே முழுத் தோட்டா ரவை. பாய்ந்து தைப்பது சன்னம். ரவைகளை அடுக்கும் பெட்டி ரவைக்கூடு. பீரங்கி எறிவது எறிகணை. போரை அன்றாடம் காதால் கேட்டவர்கள் வகுத்துக்கொண்ட வேறுபாடுகள் இவை. எந்தக் கலைச்சொற்குழுவின் பட்டியலையும்விட நான் இவற்றையே நம்புவேன்.

ஆனால் அப்படியே இங்கே இறக்கிக்கொள்ளவும் முடியாது. தமிழகத்தில் ரவை என்றால், உப்புமாவை விட்டுவிட்டால், வேட்டைத் தோட்டாவுக்குள் இருக்கும் பொடி ஈயம். ஆகவே முழுப்பொருளுக்குத் தோட்டா, பாய்வதற்குக் குண்டு என இங்குள்ள இரண்டையும் பிரித்து ஆண்டாலே பெரும்பகுதி தெளியும். வெறுங்கூட்டுக்கு மட்டும் ஈழத்துக் ‘கோது’வைக் கடன் வாங்கலாம். முட்டைக் கோதுபோல, உள்ளே இருந்தது போய்விட்டது என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.